பாதியார் வேண்டாமென்ற தூண்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கடைத்தெருவில் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "பாத்திரக்கடை பாதியார்" என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடும். யார் என்ன விலை சொன்னாலும், சொன்ன வாய் மூடுவதற்குள் அதில் பாதியைச் சொல்லிவிட்டு, ஒன்றுமறியாத பாப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

விலை மட்டும் என்றில்லை. டாக்டர் வேளைக்கு ரெண்டு மாத்திரை என்றால், "ஒண்ணு போதாதுங்களா?" என்று அவரிடமும் கேட்பார். அடுத்தவர் சொல்லும் கணக்கைத்தான் குறைப்பார் என்று நினைத்துவிடக் கூடாது. தன் வாயிலிருந்து வரும் கணக்கையும் பாதியாகத்தான் அவிழ்த்து விடுவார். "அரை மணியில வந்துடறேன்" என்று போன் பண்ணினால், வீட்டில் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தட்டு வைப்பார்கள். பழகிப்போன வீடு.

கல்லாப்பெட்டிக்குப் பின்னால் தவழ்ந்து வளர்ந்த மனிதர். முதல் பேச்சிலேயே உண்மையைச் சொல்கிறவன் இந்த உலகத்தில் பிறக்கவில்லை என்பது அவருடைய முடிவு. அப்பேர்ப்பட்டவரிடம்தான் இன்ஜினியரம்மா வந்து மாட்டினார்.

கீழே கடை, மாடியில் குடித்தனம். கடைக்கும் அதன் பின்னால் இருந்த குடோனுக்கும் நடுவே ஒரு சுவர் நின்றது. அதை எடுத்துவிட்டால் ஒரே ஹால். வாசலில் செருப்பைக் கழற்றுகிறவன் கண்ணுக்குக் கடைசி அலமாரியில் தொங்கும் கரண்டிவரை தெரியும். கண்ணில் பட்ட சரக்கு பாதி விற்ற சரக்கு. இந்த ஆசையில்தான் இன்ஜினியரம்மாவை அழைத்து வந்தார்.

அந்தம்மா சுவரைத் தட்டிப் பார்த்தார், மாடி ஏறிப் பார்த்தார், மொட்டை மாடிக்கும் போய்விட்டு இறங்கி வந்தார்.

"இது தடுப்புச் சுவர் இல்லைங்க, சுமக்கிற சுவர். இதுக்கு நேர் மேல உங்க தம்பி ரூம் சுவர் உக்காந்திருக்கு. அதுக்கும் மேல தண்ணித் தொட்டி. எடுக்கணும்னா எடுக்கலாம். ஆனா அந்த இடத்துல கனமான இரும்பு பீம் போட்டு, ரெண்டு முனையிலயும் தூண், நடுவுல ஒரு தூண் நிறுத்தணும். ஒவ்வொண்ணுக்கும் கீழ தனியா அஸ்திவாரம்."

"மூணா?" பாதியார் சிரித்தார். "ஒண்ணரைத் தூண்னு ஒண்ணு கிடையாது. போனாப் போகுது, ரெண்டா முடிச்சுக்குங்க. அந்த நடுவுல நிக்கறது கண்ணை மறைக்குது."

"அது நடுவுல நின்னாத்தான் பீம் தொய்யாது."

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஓரத்துத் தூணைக் கொஞ்சம் தடியாப் போட்டுடுவோம்."

"ஐயா, நான் விலை சொல்லலை. எடை சொல்றேன்."

இன்ஜினியரம்மா அளவு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பாதியாருக்குச் சந்தோஷம். இது அவருக்குத் தெரிந்த ஆட்டம். கோபித்துக்கொண்டு படியிறங்குகிற ஆள் தெருமுனை வரைதான் போவான். அங்கே நின்று திரும்பிப் பார்ப்பான். அப்போது கூப்பிட்டால் படிந்துவிடும். வாசலில் நின்று பார்த்தார். இன்ஜினியரம்மா தெருமுனையில் திரும்பினார், திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த மேஸ்திரி தங்கமான ஆள். "நடுத்தூண் எதுக்கு முதலாளி? ஜமாய்ச்சுடலாம்" என்றான். பீமிலும் ஒரு சைஸ் குறைக்கலாமா என்று கேட்டதற்கு, "இதுவே யானையைத் தாங்கும்" என்றான். கேட்டவுடன் படிகிற சரக்கில் பழுது இருக்கும் என்று ஊருக்கே சொல்லித் தருகிற பாதியார், அந்த ஒரு நாள் அதை மறந்துபோனார்.

மிச்சமிருந்தது தம்பி. வீடு இரண்டு பேர் பேரிலும் இருந்தது. தம்பி வேனில் சரக்கேற்றிக்கொண்டு வெளியூர்க் கடைகளுக்குப் போடுகிறவன். வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"இன்ஜினியரம்மா என்ன சொன்னாங்கண்ணே?"

"நடுத்தூண் தேவையே இல்லைன்னுட்டாங்கப்பா."

பேரம் பேசுகிற வாய்க்கு இது பொய் என்றே தோன்றவில்லை. பேச்சுவார்த்தையின் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

சுவர் போனது. ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு தூண் மேல் பீம் வந்தது. அதற்கு வெள்ளையடித்து, வரிசையாகக் கொக்கி மாட்டி, குடங்களையும் அண்டாக்களையும் தொங்கவிட்டார். கடை பளபளத்தது. எதிர்க்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அதைவிடப் பெரிய பாராட்டு கடைத்தெருவில் கிடையாது.

பிறகு ஒரு நாள் காலையில் தொங்குகிற குடங்களின் தோளில் வெள்ளையாகப் பொடி. துடைத்தார். மறுநாளும் பொடி. மறுநாளும் துடைத்தார். பீமுக்கு அடியில் ஒரு கண்ணாடி அலமாரி நின்றது. அதன் தலைக்கும் பீமுக்கும் நடுவே கையை விட்டுத் தூசி தட்டுவது வழக்கம். இப்போது விரல்தான் போனது. சில நாள் கழித்து விரலும் போகவில்லை. அலமாரி வளர்ந்துவிட்டதா என்று தன்னையே கேலி செய்துகொண்டு, அலமாரியை இரண்டடி தள்ளி வைத்தார்.

பாத்திரக்காரருக்குக் காது முக்கியம். ஒரு சொம்பைச் சுண்டினால் நல்ல சொம்பு மணி மாதிரிப் பேசும், கீறல் விட்டது தொண்டை கட்டின மாதிரிப் பேசும். எத்தனை பளபளப்பு ஏற்றினாலும் அந்தக் காதை ஏமாற்ற முடியாது. ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறி, பீம் ஓரத்துத் தூணில் உட்காரும் இடத்தில் பூச்சை விரல் முட்டியால் தட்டினார். தொண்டை கட்டின சத்தம். அங்கிருந்து மேலே தம்பி ரூம் பக்கமாக ஒரு வெடிப்பு, தலைமுடி கனத்தில் ஏறிப் போயிருந்தது.

ஸ்டூலிலிருந்து இறங்கினார். கல்லாவில் கிடந்த சிவப்பு "தள்ளுபடி" ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, மறுபடி ஏறி, வெடிப்பின் மேல் ஒட்டிவிட்டு இறங்கினார். வாடிக்கையாளர் கண்ணில் படாது. தன் கண்ணிலும் படாது.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. சொன்னால் தம்பியிடம் சொல்ல வேண்டும். தம்பியிடம் சொன்னால் தூண் கதையைச் சொல்ல வேண்டும். மேஸ்திரியோ போனை எடுப்பதில்லை. "கொஞ்சம் பொறுப்போம், நின்னுடும்" என்று தனக்கே விலை குறைத்துக்கொண்டார். மேலே தம்பி மனைவியும் அவளுடைய பெண்ணும் நடக்கிற காலடிச் சத்தம் மட்டும் கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்குத் தினம் தினம் பெரிதாகக் கேட்டது. அந்தப் பெண் நடப்பதில்லை, குதிப்பாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர்.

அந்த வாலுதான் ஒரு விடுமுறை நாள் காலையில் ரூமுக்குள் மாட்டிக்கொண்டாள்.

கடையில் ஒரு அம்மா குக்கர் ஒன்றை உருட்டி உருட்டிப் பார்த்து, "இதுக்கு மூடி தனியா விலையா?" என்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். மேலிருந்து தம்பி மனைவியின் குரல்.

"அத்தான்! கொஞ்சம் மேல வாங்களேன்! கதவு திறக்க மாட்டேங்குது!"

ஓடினார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே விளையாடிய வாலு, திறக்க முடியாமல் கைப்பிடியை ஆட்டிக்கொண்டிருந்தாள். பாதியார் தோளைக் கொடுத்து ஒரு இடி இடித்தார். கதவு அசையவில்லை. நிலைக்கு மேலே சுவரிலிருந்து பொடி அவர் தலையில் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தார். நிலையின் மேல்கட்டை நடுவில் தொய்ந்து, கதவின் தலையில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது இடிக்கு ஓங்கின தோளை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"வாலு, நீ ஜன்னல்கிட்ட போய் நில்லும்மா. குதிக்காத. பெரியப்பா சொல்றவரைக்கும் குதிக்கவே கூடாது."

"ஏன் பெரியப்பா, குதிச்சா என்ன ஆகும்?"

"சொன்னதைக் கேளு!"

அவர் அதட்டி அந்தப் பெண் கேட்டதேயில்லை. உள்ளே சத்தம் அடங்கிவிட்டது. சுத்தியலை எடுத்து வந்து, கதவின் அடிப்பலகையை மட்டும் மெதுவாகப் பெயர்த்தார். வாலு அந்த ஓட்டை வழியாகப் பூனைக்குட்டி மாதிரி ஊர்ந்து வெளியே வந்து, "இன்னொரு வாட்டி!" என்றாள்.

தம்பி மனைவி அவளை வாரிக்கொண்டு சிரித்தாள்.

"உங்க வீட்டுக் கதவும் உங்களை மாதிரியே இருக்கு அத்தான். பிடிச்சா பிடிச்ச பிடி."

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்மா."

"மழையா? எந்த ஊர்ல பெய்யுது அத்தான்?"

பாதியார் கீழே வந்தார். கால் தானாகப் பீமுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தியது. சிவப்பு ஸ்டிக்கர் குறுக்கே கிழிந்து இரண்டாகியிருந்தது. "தள்ளு" ஒரு பக்கம், "படி" ஒரு பக்கம். நடுவில் ஒரு பென்சிலை நுழைக்கலாம்.

"மூடியோட சேர்த்துக் கடைசியா என்ன சொல்றீங்க?" என்றாள் குக்கர்க்காரம்மா. அவள் நின்றிருந்ததும் அதே பீமுக்கு அடியில்தான்.

"நாளைக்கு வாங்கம்மா" என்று அவளை வாசலுக்கு நகர்த்தினார். கடைக்குள் வந்தவரைக் கையில் சரக்கில்லாமல் அவர் வெளியே அனுப்பியது அதுதான் முதல் தடவை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இன்ஜினியரம்மா ஆபீசுக்கு நடந்தார். பாதி வழியில் ஓடினார். மேலே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரவில்லை.

இன்ஜினியரம்மா அவரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்..." என்று ஆரம்பித்தார் பாதியார்.

"தலையெல்லாம் சுண்ணாம்புப் பொடி. சும்மா வந்த மாதிரித் தெரியலையே. நடுத்தூண் போட்டீங்களா?"

"இல்ல."

"பீம் நான் சொன்ன சைஸ்தானா?"

அவர் தரையைப் பார்த்தார். பிறகு பொடி, அலமாரி, வெடிப்பு, கதவு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இன்ஜினியரம்மா முழுதாகக் கேட்கவில்லை. பாதியிலேயே எழுந்து செருப்பைத் தேடினார்.

"இப்ப மேல யார் இருக்காங்க?"

"என் வீட்டுக்காரி. தம்பி சம்சாரம். அவ பொண்ணு."

"இறங்கச் சொல்லுங்க."

"சாயங்காலம் கடை சாத்தினதும்..."

"இப்போ."

"மதியத்துக்குள்ள? சமையல் பாதியில இருக்கும்."

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? நான் சரின்னு சொல்லிடுவேன். அந்த பீம் ஒத்துக்கணுமே."

பாதியார் போனை எடுத்தார். மணி போனது. தம்பி மனைவியின் குரல் கேட்டதும், உண்மையைச் சொல்லத் திறந்த வாய் வேறு பக்கம் ஓடிவிட்டது.

"அம்மா... வாலுவைக் கூட்டிக்கிட்டு அக்காவும் நீயும் கீழ வாங்களேன். ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்."

"இந்நேரத்துல ஐஸ்கிரீமா? நீங்களா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே அத்தான்?" என்று அந்தப் பக்கம் சிரிப்பு. "துணி ஊற வெச்சிருக்கேன். அலசிப் போட்டுட்டு வர்றோம்."

இன்ஜினியரம்மா கையை நீட்டிப் போனைப் பறித்தார்.

"நான் இன்ஜினியர் பேசறேம்மா. கட்டடம் பத்திரமா இல்ல. அடுப்பை அணைச்சுட்டு, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, எல்லாரும் தெருவுக்கு வந்துடுங்க. செருப்புகூடத் தேட வேணாம். கடைக்குள்ள போகாதீங்க, பக்கத்துப் படி வழியா இறங்குங்க."

பாதியாரும் இன்ஜினியரம்மாவும் போய்ச் சேர்ந்தபோது மூன்று பேரும் எதிர்க்கடை வாசலில் வெறுங்காலோடு நின்றார்கள். தம்பி மனைவியின் முழங்கை வரை சோப்பு நுரை. பாதியாரின் மனைவி கையில், ஏன் எடுத்தோம் என்று தெரியாமல் எடுத்து வந்த ஒரு கரண்டி. தெரு கூடிவிட்டது.

அடுத்த தெருவில் கட்டிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து பீமைத் தாங்கிப் பிடிக்க இரும்பு முட்டுகளோடு நாலு ஆட்கள் வந்தார்கள். இன்ஜினியரம்மா முதலில் செய்யச் சொன்னது தொட்டியைக் காலி செய்வது. ஒரு ஆள் வெளிப்பக்க ஏணியில் ஏறிக் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் சுவரோரமாக இறங்கித் தெருவில் ஓடியது. "இப்படியா தண்ணியை வீணாக்குவாங்க?" என்று போகிற வழியில் ஒருத்தர் கோபித்துக்கொண்டு போனார்.

இன்ஜினியரம்மா ஓரமாக நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். டார்ச் வெளிச்சம் கிழிந்த ஸ்டிக்கரில் போய் நின்றது.

"இதை யார் ஒட்டினது?"

"நான்தான்" என்றார் பாதியார், முனகலாக.

"வெடிப்பு நகருதான்னு பாக்க நாங்க இப்படித்தான் குறுக்க ஒண்ணு ஒட்டுவோம். நீங்க மறைக்கிறதுக்கு ஒட்டியிருக்கீங்க. எப்படி ஒட்டினாலும் அது சொல்ல வேண்டியதைச் சொல்லிடுச்சு." பிறகு அவர் பக்கம் திரும்பி, ரகசியம் பேசுகிற எண்ணமில்லாத குரலில் சொன்னார்: "நடுவுல தூண் இல்லாம நிக்காதுன்னு அன்னிக்கு இதே இடத்துல நின்னு சொன்னேன். வேணாம்னீங்க."

நுரைக் கையோடு பின்னால் வந்து நின்றிருந்த தம்பி மனைவி அதைக் கேட்டாள். பாதியாரைப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் வாலுவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கொஞ்ச தூரம் தள்ளிப் போய், போனைக் காதில் வைத்தாள்.

தம்பி வந்து சேர்வதற்குள் முட்டுகள் பீமுக்கு அடியில் வரிசையாக நின்றன. இருபுறமும் இருந்து ஒவ்வொன்றாக உள்ளே நகர்த்தி, திருகு போட்டு ஏற்றினார்கள். ஒவ்வொரு திருகலுக்கும் தொங்கிய குடங்கள் ஒன்றோடொன்று மெல்ல முட்டிச் சத்தமிட்டன. வேனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கிய தம்பி, முதலில் பெண்ணைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தான். அப்புறம் கடைக்குள் நின்ற முட்டுகளைப் பார்த்தான். கடைசியாக அண்ணனிடம் வந்தான்.

"விரிசல் விட்டது எத்தனை நாளாத் தெரியும்?"

'அண்ணே' என்ற சொல் அதில் இல்லாததை இருவருமே கவனித்தார்கள்.

"ஒரு... ரெண்டு வாரம் இருக்கும்ப்பா."

தம்பியும் அதே கல்லாப்பெட்டிக்குப் பின்னால் தவழ்ந்தவன்தான்.

"அப்போ ஒரு மாசம்."

கூடியிருந்த தெருவில் அதற்குச் சிரிக்கத் தெரியாதவர்கள் யாருமில்லை. யாரும் சிரிக்கவில்லை.

"ஆமா" என்றார் பாதியார். "ஒரு மாசம்."

"ஒரு மாசமா என் பொண்ணு மேல குதிச்சுக்கிட்டிருந்தா. நீங்க கீழ உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க." தம்பியின் குரல் உயரவில்லை. "நடுத்தூண் தேவையில்லைன்னு அந்தம்மா சொன்னதா எங்கிட்ட சொன்னது?"

எந்தக் கணக்கையும் வெட்டிக் குறைக்கத் தெரிந்த மனிதருக்கு அதை எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரியவில்லை. எங்கே வெட்டினாலும் இரண்டு துண்டும் பொய்யாகத்தான் இருந்தது.

"அவங்க சொல்லலை. வேணும்னுதான் சொன்னாங்க. நான்தான் பொய் சொன்னேன்."

அதற்குள் இன்ஜினியரம்மா கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். "இப்போதைக்கு நின்னுடுச்சு. ஆனா மூணு தூணும் அஸ்திவாரத்தோட ஒழுங்காப் போட்டு, பீமையும் மாத்தி, மாடிச் சுவரைப் பிரிச்சுப் பாத்தாத்தான் மேல குடியிருக்கலாமா கூடாதான்னு சொல்ல முடியும். நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் யாரும் ஏறக் கூடாது."

பாதியாரின் வாய், வழக்கத்தில், திறந்தது. மனைவி பார்த்தாள், தம்பி பார்த்தான், எதிர்க்கடைக்காரர்கூடப் பார்த்தார். கரண்டியை இறுகப் பிடித்தபடி மனைவி தலையை லேசாக, வேண்டாம் என்று அசைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

தம்பி வேனின் பின்கதவைத் திறந்து, சரக்குப் பெட்டிகளை ஒதுக்கி இடம் செய்தான். மனைவியையும் பெண்ணையும் ஏற்றினான். மாமனார் வீடு கொஞ்ச தூரம்தான்.

"நாலு மாசம் முடிஞ்சதும் வந்துடுவீங்கல்ல?" பாதியார் வண்டியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "நடுத்தூண் ரெண்டுகூடப் போட்டுடறேன். கடை எப்படித் தெரிஞ்சா என்ன? நீ என்ன சொல்றியோ அதான்ப்பா. நீயே சொல்லு."

தம்பி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதிகமாகச் சொன்னால் குறைக்கலாம். கோபமாகச் சொன்னால் தணிக்கலாம். ஒன்றுமே சொல்லாத ஆளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவருக்கு எந்தக் கடையிலும் யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை.

"பெரியப்பா, ஐஸ்கிரீம்?" என்றாள் வாலு பின்னாலிருந்து. அவள் அம்மா அவளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. பாதியார் தொட்டித் தண்ணீர் ஓடி நனைந்த தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் வேன் நின்றது. அவருடைய கை, கூப்பிடுவதற்காகத் தானாக மேலே எழுந்தது. குறுக்கே ஒரு சைக்கிள் கடந்து போனது. அது போனதும் வேன் முனை திரும்பிப் போய்விட்டது.